திண்டு வைத்த நாற்காலி

ஜனவரி 4, சனி

காலையில் லேசான பனி. எட்டரை மணிக்கு வராந்தா வெப்பமானியில் 23.4.

இந்த நோட்டில் வரப்போவது:

1. நான் இதற்கு ஒப்புக்கொண்ட விதம்.
2. என்மீது நடத்தப்படும் சோதனைகள், அவற்றின் அளவுகள், தேதிவாரியாக.
3. என் உடல்நிலை. குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை.
4. இப்படி ஒரு இளங்கலைப் படிப்பே தேவையில்லை என்ற என் கருத்து. உட்காருவதும் எழுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதற்கு மூன்று ஆண்டு எதற்கு?
5. முடிவுரை.

முதலாவதை இன்றே முடித்துவிடலாம். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பேராசிரியையும் பதினொரு மாணவர்களும் வந்திருந்தார்கள். உடற்தகுதி, நலவாழ்வு என்று ஒரு பி.எஸ்சி. பட்டம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு உட்கார, எழ, நடக்க எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, தொடக்க அளவையும் முடிவு அளவையும் ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டுமாம். அதில் தேறாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நான் தூக்கவில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். "சார், எனக்கு மட்டும் ஆள் கெடைக்கல. உங்க பேரு என்ன சார்?"

பெயரைத்தானே கேட்கிறாள் என்று சொன்னேன். குற்றாலலிங்கம். வயது எழுபத்திரண்டு. வானிலைத் துறையில் வெப்பம், காற்று, மழை அளவுகளைப் பார்த்துக் குறிக்கும் வேலை, முப்பத்துநான்கு வருடம். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, தனியாக. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் பெயர் முத்துப்பேச்சி.

ஜனவரி 5, ஞாயிறு

பேச்சியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. முதல் சோதனை 20ஆம் தேதி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறேன் என்று எண்ணுவார்களாம். "சும்மா இருங்க சார், ஒண்ணும் ரெடி பண்ண வேண்டாம்" என்றும் எழுதியிருந்தாள்.

வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் படிக்காதே என்றால் எப்படி? நான் எந்தத் தேர்வுக்கும் படிக்காமல் போனவன் அல்ல. மாலையில் கூடத்து நாற்காலியில் செய்து பார்த்தேன். எட்டு.

ஜனவரி 7, செவ்வாய்

ஒன்பது. இடது முழங்காலில் சத்தம்.

குளியலறை பல்பை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். "என்ன சார், கதவுத் தாழ்ப்பாளக் காணோம்? மாட்டிரவா?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அதை நானே கழற்றி ஆறு மாதமாகிறது.

ஜனவரி 10, வெள்ளி

கல்லூரிப் படிவம் வந்தது. அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் மகன் ராம்குமார், புனே என்று எழுதினேன். கீழே சிறிய எழுத்தில்: எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் குறைந்தால், அல்லது ஏழாம் கேள்விக்கு ஆம் என்றால், அந்த நபருக்குத் தகவல் தரப்படும்.

ஏழாம் கேள்வி: கடந்த ஓராண்டில் கீழே விழுந்ததுண்டா?

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

என் மனைவி வடிவு போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து ராம்குமார் ஒன்றையே சொல்கிறான்: "ஒரு தடவ கீழ விழுந்தீங்கன்னா அப்புறம் பேச்சே கெடையாதுப்பா. புனேதான்." நல்ல பிள்ளை. அவன் வீடு பதினான்காவது மாடி. ஜன்னல்கள் திறப்பதில்லை. வெப்பமானி மாட்ட இடம் கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

பத்து. மூன்று நாளாகப் பத்தைத் தாண்டவில்லை.

நாற்காலியைப் பரிசோதித்தேன். இருக்கைப் பிரம்பு தொய்ந்து இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. அளவுகோல் வைத்தே பார்த்தேன். கருவியில் பிழை இருந்தால் திருத்தம் சேர்த்து எழுதுவதுதான் எங்கள் துறையின் முறை. எனவே வடிவின் இலவம்பஞ்சுத் திண்டை இருக்கையில் வைத்து, மேலே ஒரு துண்டை விரித்தேன். திண்டின் கனம் நான்கு அங்குலம். இரண்டு அங்குலத் திண்டு வீட்டில் இல்லை.

பதினான்கு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ராம்குமார் வீடியோவில் பேசினான். பொங்கல் வைத்தேன் என்றேன். குக்கரில் வைத்தேன் என்று சொல்லவில்லை. பதினைந்து.

ஜனவரி 20, திங்கள்

காலை 22.8. வடகிழக்குக் காற்று.

பேச்சி ஸ்கூட்டியில் வந்தாள். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், பையில் அளவு நாடா. நாடாவால் என் இடுப்பை அளந்தாள், கெண்டைக்காலை அளந்தாள். நாற்காலியை அளக்கவில்லை.

பதினைந்து எடுத்தேன். "சார், பின்னிட்டீங்க. எங்கப்பா அம்பது வயசு, அவங்களே பன்னெண்டுக்கு மேல போக மாட்டாங்க" என்றாள். எனக்கு எம்.எஸ்சி. தேர்வு முடிவு வந்த நாள் நினைவுக்கு வந்தது.

பிறகு செய்தியில் சொல்லாத இரண்டு சோதனைகளை வைத்தாள். ஒற்றைக் காலில் நிற்பது: மூன்று விநாடி, சுவரைப் பிடித்துவிட்டேன். எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காருவது: பதினான்கு விநாடி.

"இது மட்டும் ஏன் சார் இப்படி?"

"சிலபஸ்ல இல்லாததக் கேட்டா எப்படிம்மா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 22, புதன்

பயிற்சி தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களைத் தூக்க வேண்டும். பல் துலக்கும்போது ஒரு காலை லேசாக உயர்த்த வேண்டும். இதற்கெல்லாம் பட்டப்படிப்பா என்று நினைத்தேன்.

"ராத்திரி என்ன சார் சாப்புடுதீங்க?"

"ரெண்டு இட்லி."

"புரோட்டீன் எங்க இருக்கு அதுல?"

"சட்னியில பொரிகடலை இருக்கும்மா."

"எத்தன கடலை சார், எண்ணிப் பாத்தீங்களா? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே."

சாயங்காலம் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறவைத்தேன்.

ஜனவரி 29, புதன்

ஒற்றைக் காலில் ஐந்து விநாடி. தொடை வலி. சுண்டல்.

பிப்ரவரி 3, திங்கள்

பேச்சி கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்தாள். "இன்னைக்கு கீழ படுத்துட்டு எந்திரிக்கப் பழகணும் சார்."

தரை குளிரும், வேண்டாம் என்றேன்.

"பாளையங்கோட்டையில பிப்ரவரி மாசம் குளிருதா?" வராந்தாவுக்குப் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தாள். "இருபத்தஞ்சு காட்டுது சார்."

நான் சமையலறைக்குப் போய்க் காபி போட்டேன். அவள் ஜமுக்காளத்தை மடித்து வைத்துவிட்டாள். காபி குடிக்கும்போது அவளே பேசினாள். ஊர் விளாத்திகுளம் பக்கம். பிளஸ் டூ படிக்கும்போது மாவட்டக் கபடி அணியில் இருந்திருக்கிறாள். ஓர் ஆட்டத்தில் இடது முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது.

"விழுந்ததும் நாலு பேரு ஓடி வந்து கையப் புடிச்சுத் தூக்குனாங்க. பாசத்துலதான். ஆனா தூக்குனதுலதான் மிச்சமும் கிழிஞ்சதுன்னு டாக்டர் சொன்னாங்க. எப்படி எந்திரிக்கணும்னு எனக்கும் தெரியல, எப்படித் தூக்கணும்னு அவங்களுக்கும் தெரியல. அதான் இதுல சேந்தேன்."

"அப்பா சம்மதிச்சாரா?"

"லோடு ஆட்டோ ஓட்டுதாங்க. ஜிம்முல நிக்கிறதுக்கு மூணு வருசப் படிப்பாம்லான்னு இன்னைக்கும் கேலி பேசுவாங்க. மதுரையில ஒரு மறுவாழ்வு மையத்துல என்னைய எடுத்திருக்காங்க சார். ஜூன்ல சேரணும். சர்டிபிகேட்டோட போய் அப்பா முன்னால நிக்கணும்."

அவள் அப்பாவும் நானும் ஒரே கட்சி. அதைச் சொல்லாமல் இரண்டு முறுக்கு கொடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒற்றைக் காலில் எட்டு. நடை பன்னிரண்டரை விநாடி. தெருக்கோடி வரை போய்ப் பத்திரிகை வாங்கினேன். கடைக்காரர், "என்ன சார், ஊர்ல இல்லையா? ஆளப் பாத்து மாசக்கணக்காச்சு" என்றார். இங்கேதான் இருந்தேன் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இடைக்காலச் சோதனை. கல்லூரியில், பேராசிரியை ஐரின் முன்னிலையில். எல்லோருக்கும் ஒரே மர நாற்காலி, உயரம் பதினேழு அங்குலம் என்று முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

ஒன்பது எடுத்தேன்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபோது கதவு திறந்தே இருந்தது. பேராசிரியை குரலை உயர்த்தவில்லை. "நாலு வாரம் ட்ரெயினிங் குடுத்து பதினஞ்சு ஒன்பதா ஆயிருக்கு. மத்த ரெண்டும் நல்லா ஏறியிருக்கு. பதினஞ்சு எடுக்குறவரு அன்னைக்கு மூணு செகண்டுதான் ஒத்தக் கால்ல நின்னாராக்கும்? முதல் நாள் நீ அவர் வீட்டுக்குப் போனியா, இல்ல ஹாஸ்டல்ல உக்காந்து எழுதுனியா?"

"போனேன் மேடம்."

"போன வருசம் ஒருத்தன் இதத்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுவரைக்கும் இந்த ரிப்போர்ட்ட நான் வாங்க மாட்டேன்."

பேச்சி வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெப்பமானி பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஏழு மணிக்கு வந்தாள். விசில் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னைக்குப் பயிற்சி வேண்டாம் சார். ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க பதினஞ்சு எடுத்தீங்கள்லா? நா ஒவ்வொண்ணா எண்ணுனேன்லா?"

"எடுத்தேன்."

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. மொத நாளு, பதட்டத்துல ரெண்டு ரெண்டா எண்ணிட்டனோ என்னமோ. கமிட்டியில அப்படித்தான் சொல்லணும் போல. எண்ணத் தெரியலன்னு சொன்னாலும் ஒரு வருசம் போகும், பொய்யின்னு சொன்னாலும் ஒரு வருசம் போகும்."

"நீ சரியாத்தான்மா எண்ணுன."

அவள் போய்விட்டாள். திண்டு கூடத்து நாற்காலியில் துண்டுக்கு அடியில்தான் இருந்தது. அவள் அதன்மேல் கைப்பையை வைத்திருந்தாள்.

இனி எழுதுவதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சென்ற வருட டைரியில் ஜூலை 19ஆம் தேதிப் பக்கத்தில் ஒரே வரி இருக்கிறது: பால் கெட்டுவிட்டது. அது உண்மை. வாசலில் தொங்கவிட்ட பால் பாக்கெட்டை வெயில் ஏறும்வரை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் குளியலறைத் தரையில் கிடந்தான். ஐந்து மணிக்கு வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. எழத்தான் முடியவில்லை. பக்கெட்டைப் பிடித்தேன், கவிழ்ந்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கூடத்தில் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தேன். இந்தக் கோலத்தில் யார் வந்து பார்ப்பார்கள் என்று மூடிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு மேல் எப்படியோ தாழ்ப்பாளை எட்டி, தவழ்ந்து வெளியே வந்தேன். ராம்குமாரிடம் நடக்கப் போயிருந்தேன் என்றேன். அதன் பிறகு நடக்கப் போகவே இல்லை.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு முறை காய்ச்சலோடு போய் மழைமானியைப் பார்த்திருக்கிறேன். பார்க்காத எண்ணை ஒரு நாளும் எழுதியதில்லை. வெப்பமானியை நிழலுக்குள் தள்ளி வைத்து அளவைக் குறைத்துக் காட்டிய சக ஊழியர் ஒருவரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அவர் தள்ளி வைத்ததும் ஏறக்குறைய நான்கு அங்குலம்தான் இருக்கும்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை 24.1. வானம் தெளிவு.

துணிப்பையில் திண்டையும் இந்த நோட்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

கமிட்டி அறையில் மூன்று பேர். பேச்சி ஓரமாக நின்றாள். நான் உள்ளே வரலாமா என்று கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு பேராசிரியை நிமிர்ந்து, "என்ன சார், பையில என்ன?" என்றார்.

"திண்டு."

பேச வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பேச்சை விட்டுவிட்டு, அவர்களுடைய நாற்காலியில் திண்டை வைத்தேன். எண்ணச் சொன்னேன். கைகளைக் கட்டிக்கொண்டு பதினைந்து முறை எழுந்தேன். திண்டை எடுத்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் செய்தேன். பத்து. பிறகு நோட்டை மேசையில் வைத்து, ஜனவரி 12ஆம் தேதிப் பக்கத்தையும் நான் விழுந்ததை எழுதிய பிப்ரவரி 19ஆம் தேதிப் பக்கத்தையும் திறந்து காட்டினேன்.

பேராசிரியை படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டது சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"பதினஞ்சு நாள் பரீட்சைக்குப் படிச்சீங்களா சார்? இது பரீட்சையே இல்ல. நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான அந்தப் பொண்ணு எங்க கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணும்? விழுந்தத மறைச்சிருக்கீங்க. அவ தெரியாம ஏதாவது செய்யச் சொல்லி நீங்க மறுபடி விழுந்திருந்தா?"

பேச்சியிடம் திரும்பினார். "நீ பொய் எழுதல, சரி. ஆனா சேரோட உயரத்த ஏன் அளக்கல? பர்ஸ்ட் இயர்ல சொல்லிக் குடுத்ததுதான? அதுக்குப் பத்து மார்க் போச்சு. திங்கக்கிழமை எடுத்த ஒன்பதுதான் தொடக்கம். எட்டு வாரம் புதுசா ஆரம்பி, ஏப்ரல் கடைசிக்குள்ள குடு."

பிறகு என்னிடம், "சார், உங்க மகனுக்கு நாங்க லெட்டர் அனுப்பியாகணும்" என்றார்.

"நாளைக்கு அனுப்புங்க. இன்னைக்கு நானே சொல்லிர்றேன்."

மாலை ஆறரைக்கு ராம்குமாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்ப்பா கெடந்தீங்க?"

"நாலு மணி நேரம்."

"அன்னைக்கு நான்தான ரெண்டு தடவ போன் பண்ணேன்?"

"ஆமாப்பா."

"மார்ச் பதினஞ்சு வாரேன். திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் போடுறேன்."

பிப்ரவரி 24, திங்கள்

பேச்சி வந்தாள். முதல் வேலையாக வீட்டிலிருந்த எல்லா நாற்காலிகளையும் நாடா வைத்து அளந்தாள். குளியலறை ஸ்டூலைக்கூட விடவில்லை. அரை மணி நேரம் என்னிடம் "தூக்குங்க", "இறக்குங்க" தவிர எதுவும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கே எண்ணத் தெரியலையோன்னு நாலு நாளா தூங்கல, தாத்தா" என்றாள். இதுவரை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஜமுக்காளத்தை விரித்தாள். "அன்னைக்கு எப்படிக் கெடந்தீங்களோ அப்படியே படுங்க."

படுத்தேன். சீலிங்கைப் பார்த்ததும் சட்டென்று எழப்பார்த்தேன்.

"அதுதான் தப்பு. எல்லாரும் நேரா எந்திரிக்கத்தான் பாப்பாங்க. மொதல்ல ஒண்ணும் செய்யாதீங்க, மூச்சு விடுங்க. அடி பட்டிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒருக்களிங்க. முழங்கைய ஊனுங்க. இப்ப நாலு கால்ல, கொழந்த தவழுத மாதிரி. நாற்காலிகிட்ட போங்க. ரெண்டு கையும் இருக்கையில. பலமான கால முன்னால வைங்க. எது பலமான காலு?"

தெரியாது என்றேன். எழுபத்திரண்டு வருடம் இரண்டு கால்களையும் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன்.

"வலது. நா குறிச்சு வச்சிருக்கேன்."

இன்று எழ முடியவில்லை. முழங்காலோடு நின்றுவிட்டது. அவள் தொடவில்லை.

மார்ச் 3, திங்கள்

எழுந்தேன். மூன்று நிமிடம் ஐந்து விநாடி. பேச்சி விசில் ஊதினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மார்ச் 10, திங்கள்

ஒன்றே முக்கால் நிமிடம். திண்டு இல்லாமல் நாற்காலிச் சோதனை பதினொன்று. இரண்டு சட்டைகள், வெப்பமானி, வடிவின் படம் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்தேன். வெப்பமானியை மறுபடி வெளியே எடுத்து மாட்டினேன். இன்னும் ஐந்து நாள் அளவு எடுக்க வேண்டும்.

மார்ச் 15, சனி

காலை 26.2. காற்று இல்லை.

ராம்குமார் வந்தான். வந்ததும் குளியலறைக்குப் போய் நின்று பார்த்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்து ஆணித் துளைகளை விரலால் தடவினான். டிக்கெட்டுகள் மேசைமேல் இருந்தன.

பத்து மணிக்கு பேச்சியும் வந்தாள். இன்று பயிற்சி நாள் அல்ல. நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

குளியலறை வாசலில், ஜமுக்காளம் இல்லாமல், வெறுந்தரையில் படுத்தேன். மூச்சு. ஒருக்களிப்பு. முழங்கை. பாதியில் கை நழுவியது. ராம்குமார் பாய்ந்து வந்து என் தோளுக்குக் கை கொடுத்தான்.

"தொடாதீங்க சார்" என்றாள் பேச்சி. "இழுத்தாத்தான் கெடும். தாத்தா, அவசரமில்ல, மறுபடி ஊனுங்க."

ஊன்றினேன். தவழ்ந்தேன். கைகள் ஸ்டூலில். வலது கால் முன்னால். எழுந்து, திரும்பி, உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் இருபது விநாடி.

ராம்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா, அஞ்சேகாலுக்கு எந்திரிச்சிருப்பீங்களாப்பா?"

"பாலும் கெட்டிருக்காது."

பேச்சி அவனைப் பார்த்து, "நீங்க படுங்க சார் இப்ப" என்றாள்.

"நானா?"

"நாப்பத்தஞ்சு இருக்குமா? நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான? கையில எதையும் புடிக்காம எந்திரிங்க பாப்போம்."

அவன் படுத்தான். "யம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு முறை உருண்டான். "அப்பா, அந்த ஸ்டூலக் கொஞ்சம் தள்ளுங்க" என்றான். பேச்சி கூடாது என்று கண்ணைக் காட்டினாள். நான் தள்ளவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தான். அவள் ஸ்டாப் வாட்சைப் பார்த்தாள், நேரத்தைச் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். பாத்ரூம்ல புடிச்சுக்க ரெண்டு கம்பி போடணும். போன் எப்பவும் கழுத்துல தொங்கணும். காலையில ஆறு மணிக்கு எனக்கு மெசேஜ். மே மாசம் வருவேன், அப்பவும் எந்திரிச்சுக் காட்டணும். முடியலன்னா புனே."

"வெப்பநிலையையும் சேத்து அனுப்புறேன்" என்றேன்.

5. முடிவுரை.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதாக, குறை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். பொய்யைத் தவறு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. அதற்கு வேறு இடத்தில் தலைகுனிந்தாயிற்று.

தவறு என்று சொல்ல வேண்டியது நான்காவது. உட்காருவதும் எழுவதும் எல்லோருக்கும் தெரியும் என்று மனதார நம்பித்தான் அதை எழுதினேன். அந்த வரியை அடிக்கவில்லை. தப்பான அளவை அடிக்காமல், பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடுவதுதான் முறை. அப்படியே செய்தேன்:

எல்லோருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது. மூன்றாண்டு படித்த ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. குற்றாலலிங்கம், 15 மார்ச்.